33 பைட்டில் ஒரு போக்கிமான்

போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்துப் போரிடவைக்கும் வீடியோ கேம் வரிசையின் முதல் ஆட்டங்கள், கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்காக 1996-இல் ஜப்பானில் வெளியாயின. அவற்றில் ஆட்டக்காரர் தன் குழுவில் வைத்துக்கொள்ளக்கூடிய போக்கிமான்கள் ஆறே ஆறு. ஏழாவதாக ஒன்றைப் பிடித்தால் அது நேராக ஆட்டத்துக்குள் வரும் கணினிக்குப் போய்விடும். கதைப்படி அந்தச் சேமிப்பு முறையை உருவாக்கியவர் பில் என்ற ஆய்வாளர். அவரைச் சந்திக்கும்வரை திரையில் ‘யாரோ ஒருவரின் கணினி’ என்றுதான் இருக்கும். சந்தித்த பிறகே அவர் பெயர் வரும்.

உண்மையான சேமிப்பு நடப்பது, ஆட்டத்தை அடக்கிக் கருவியில் செருகப்படும் கார்ட்ரிட்ஜுக்குள். அங்கே இருக்கும் இடம் 32 கிலோபைட். ஆட்டக்காரரின் பயணம், பையில் உள்ள பொருட்கள், பிடித்த போக்கிமான்கள் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். கணினிக்குப் போகும் போக்கிமான்கள் ‘பெட்டி’ என்ற பிரிவுகளில் வைக்கப்படும். ஆங்கிலப் பதிப்பில் பெட்டிக்கு 20 வீதம் 12 பெட்டிகள். ஜப்பானியப் பதிப்பில் பெட்டிக்கு 30 வீதம் 8 பெட்டிகள். எப்படிப் பார்த்தாலும் 240 போக்கிமான்கள்.

இத்தனையையும் அடக்கியது எப்படி? குழுவில் இருக்கும் ஒரு போக்கிமானுக்கு, பெயர்கள் நீங்கலாக, 44 பைட் ஒதுக்கப்படுகிறது. அதையே பெட்டியில் வைத்தால் 33 பைட்தான். விடுபடும் 11 பைட்டில் இருப்பவை தாக்குதல், தற்காப்பு, வேகம் போன்ற போர்த்திறன் எண்களும், போக்கிமானின் வளர்ச்சியைக் காட்டும் ‘நிலை’யும் (level). நிலைக்கு மட்டும் 33 பைட்டுக்குள் இன்னொரு பிரதி உண்டு. போர்த்திறன் எண்களோ அழிந்தே போகின்றன. ஆனாலும் இழப்பு எதுவும் இல்லை. எந்த இனம், எவ்வளவு அனுபவப் புள்ளி, பிறவித் திறன் என்ன, போரிட்டுச் சேர்த்த பயிற்சி எவ்வளவு என்ற நான்கும் தெரிந்தால் அந்த எண்களைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். போக்கிமானை வெளியே எடுக்கும்போது ஆட்டம் அதைத்தான் செய்கிறது.

பிறவித் திறனைச் சேமித்த விதம் இன்னும் நுட்பமானது. தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்புத் திறன் ஆகிய நான்குக்கும் தலா 4 பிட் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. மொத்தம் 2 பைட். ஐந்தாவதான உயிராற்றலுக்கு இடமே ஒதுக்கவில்லை. மற்ற நான்கு எண்களின் கடைசி பிட்டுகளை வரிசையாகச் சேர்த்தால் வரும் எண்தான் உயிராற்றலின் பிறவித் திறன். தாக்குதல் ஒற்றைப்படை என்றால் 8, தற்காப்பு ஒற்றைப்படை என்றால் 4, வேகத்துக்கு 2, சிறப்புத் திறனுக்கு 1. நான்கும் ஒற்றைப்படையாக அமைந்தால் 15 முழுதாகக் கிடைக்கும். சிக்கனத்தில் இவ்வளவு அழகு காட்டிய நிரலாக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்படி மறுபடி கணக்கிடுவதால் ஒரு பக்கவிளைவும் உண்டு. போரில் வெல்லும்போதெல்லாம் பயிற்சிப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் போர்த்திறன் எண்கள் நிலை உயரும்போதுதான் திருத்தப்படும். 100-ஆம் நிலையை எட்டிய போக்கிமானுக்கு அடுத்த நிலை கிடையாது. அதைப் பெட்டியில் போட்டுத் திரும்ப எடுத்தால், சேர்ந்திருந்த பயிற்சி முழுவதும் கணக்கில் ஏறிவிடும். 100-ஆம் நிலையில் பயிற்சியால் ஒரு திறனில் 63 புள்ளிகள் வரை கூடும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் இதைத் தவறாமல் செய்தார்கள்.

பெட்டியை மாற்றும்போதெல்லாம் ‘ஆட்டம் சேமிக்கப்படும், சரியா?’ என்று கேட்டதற்கும் இடநெருக்கடிதான் காரணம். கேம் பாயின் வேலை நினைவகம் 8 கிலோபைட். ஆங்கிலப் பதிப்பில் பெயர்களோடு சேர்த்து ஒரு பெட்டிக்கு 1,122 பைட் ஆகிறது. அதனால் ஒரு சமயத்தில் ஒரு பெட்டி மட்டுமே அந்த நினைவகத்தில் இருக்கும். வேறு பெட்டி வேண்டுமென்றால், இருப்பதைக் கார்ட்ரிட்ஜில் எழுதிவிட்டுத்தான் அடுத்ததைக் கொண்டுவர முடியும்.

1999-இல் வந்த கோல்டு, சில்வர் ஆட்டங்களில் இந்த எழுதும் வேலைக்குள் ஓர் ஓட்டை இருந்தது. பெட்டியின் விவரம் முதலில் பதிவாகும். குழுவின் விவரம் அதற்குச் சற்றுப் பின்னால் பதிவாகும். ஒரு போக்கிமானைப் பெட்டியில் போட்டு, பெட்டியை மாற்றி, இரண்டு பதிவுகளுக்கும் இடைப்பட்ட கணத்தில் மின்சாரத்தை நிறுத்தினால், பெட்டியில் புதிய விவரமும் குழுவில் பழைய விவரமும் தங்கிவிடும். மறுபடி தொடங்கும்போது அதே போக்கிமான் இரண்டு இடத்திலும் இருக்கும். வங்கியில் ஒரு கணக்கில் பணம் வரவாகி, மற்றதில் பற்று எழுதப்படாமல் நின்றதைப் போன்ற நிலை.

2002-இல் வந்த ரூபி, சஃபையர் இதற்குச் சரியான தீர்வு கண்டன. மின்சாரம் இல்லாமலும் விவரத்தை வைத்திருக்கும் 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகத்தில் முழு ஆட்டத்துக்கும் இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருமுறை முதல் இடத்தில் எழுதினால் அடுத்த முறை இரண்டாவதில். எழுதும்போது மின்சாரம் போனாலும் முந்தைய பதிவு அப்படியே பிழைத்திருக்கும். பெட்டிகள் 14, போக்கிமான்கள் 420, ஒவ்வொன்றுக்கும் 80 பைட். அந்த 80-இல் காயமோ நஞ்சோ பதிவாவதில்லை. அதனால் பெட்டியிலிருந்து வெளியே வரும் போக்கிமான் முழு நலத்தோடு வரும். அந்த 80-இல் 48 பைட் மறையாக்கம் செய்யப்பட்டு, நான்கு துண்டுகளாக, 24 வரிசைகளில் ஏதோ ஒன்றின்படி கலைத்து வைக்கப்பட்டிருக்கும். விவரம் சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் அந்தப் போக்கிமான் பயன்படாத ‘கெட்ட முட்டை’ ஆகிவிடும்.

பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரூபி, சஃபையரில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம்தான் நிற்கும். பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு முந்தைய இரண்டு தலைமுறை ஆட்டங்களில் சேமிப்பு நினைவகமே கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நாணய அளவு பேட்டரியை நம்பி இருக்கிறது. அது தீர்ந்தாலோ கழற்றப்பட்டாலோ எல்லாப் பெட்டிகளும் அழிந்துவிடும். பேட்டரியை மாற்ற நினைப்பவர்கள், கார்ட்ரிட்ஜைப் படிக்கும் கருவி ஒன்றால் சேமிப்பைக் கணினியில் நகலெடுத்துக்கொண்ட பிறகு அந்த வேலையில் இறங்குங்கள்.