பிரிகோலாஜ்: கையிருப்பு உத்தி

புதிதாக எதையும் வாங்காமல், கையில் கிடப்பதை வேறு வேலைக்குத் திருப்பிக் காரியத்தை முடிப்பதற்கு நிர்வாகவியலில் வழங்கும் பிரெஞ்சுச் சொல் பிரிகோலாஜ்.

இதன் வினை 'பிரிகோலே'. பந்து பட்டுத் தெறிப்பதையும், தடையைக் கண்ட குதிரை நேர்வழியிலிருந்து ஒதுங்குவதையும் அது ஒரு காலத்தில் குறித்தது; பிறகு வீட்டுச் சில்லறை வேலைகளுக்கு வந்து சேர்ந்தது. 1962-இல் மானுடவியலாளர் குளோத் லெவி-ஸ்ட்ராஸ் இதைக் கலைச்சொல்லாக்கினார். அவர் பார்வையில், பொறியாளர் திட்டத்துக்கு ஏற்பப் பொருளைத் தேடுகிறார். பிரிகோலாஜ் செய்பவரான பிரிகோலர் பொருளுக்கு ஏற்பத் திட்டத்தை வளைக்கிறார். 'எதற்காவது உதவும்' என்று எடுத்துவைத்த சாமான்தான் அவருடைய மூலதனம்.

அடிக்கடி காட்டப்படும் உதாரணம் 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்பல்லோ 13 விண்கலம். இருவருக்கென்று கட்டிய நிலவுக்கலத்தில் மூவர் ஒதுங்க, கரியமில வாயு ஏறியது. அந்த வாயுவை நீக்க, தாய்க்கலத்தில் மிச்சமிருந்த வடிகட்டிகள் சதுரம்; நிலவுக்கலத்தில் பொருத்தும் இடமோ வட்டம். பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்ணுடைக் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றால் இரண்டையும் இணைத்தார்கள். கலத்தில் என்னென்ன உண்டு என்பது தெரிந்திருந்ததால், தரையில் இருந்தவர்கள் முதலில் செய்து பார்த்துவிட்டு வானொலியில் படிப்படியாகச் சொல்ல முடிந்தது. இருப்பு தெரியாத இடத்தில் இந்தச் சாமர்த்தியம் பலிக்காது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'ஒப்பேற்றல்' உயிருள்ள சொல். ஆனால் அரைகுறை என்ற வாடை அதை விடாது. கச்சேரியில் அந்தக் கணமே கற்பனையாகப் பாடுவதைக் குறிக்கும் 'மனோதர்மம்' பொருந்தாது: அங்கே குறைவாக இருப்பது நேரம், இங்கே பொருள். 'கையிருப்பாக்கம்' என்றால் சரக்கு வாங்கி அடுக்குவதாகப் பொருள் திரியும். 'கையிருப்பு உத்தி' சுருக்கமாகவும் தெளிவாகவும் நிற்கிறது.

சிறு நிறுவனங்களை ஆராய்ந்து 2005-இல் எழுதிய ஆய்வாளர்கள் பேக்கரும் நெல்சனும் ஒன்றைக் கவனித்தார்கள். பொருள், ஆள், திறன், வாடிக்கையாளர், விதிமுறை என எல்லாவற்றிலும் ஒப்பேற்றிய நிறுவனங்கள் வளராமல் தேங்கின. சிலவற்றில் மட்டும் செய்தவை வளர்ந்தன.

அலுவலகத்தில் இது கெடுவது பெரும்பாலும் எக்செல் கோப்பில். ஒரு வாரத்துக்கென்று தொடங்கிய சரக்குக் கணக்கு வருடக்கணக்கில் ஓடும். ஒருநாள் ஒருவர் கடைசி வரிசைக்குக் கீழே புதிய வரிசை ஒன்றைச் செருக, கூட்டல் சூத்திரம் அதைச் சேர்க்காமல் விடக்கூடும். மொத்தம் தவறு என்பது இருப்பெடுக்கும் நாளில்தான் தெரியும். போட்டவரோ வேலை மாறிப் போயிருப்பார். கோப்பின் முதல் வரியிலேயே எதற்குப் பதிலாக, யார், எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் எழுதிவிட்டால் அடுத்து வருபவர் தடவ வேண்டியிருக்காது.