வேண்டுமென்றே கசியும் கேபிள்

வர்ஜீனியாவிலிருந்து வாஷிங்டனுக்குத் தினமும் மெட்ரோவில் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார். முதல் கேள்வி: "ரயில் தரைக்கு அடியில் போகும்போதும் போன் பேச முடிகிறது. சுரங்கத்துக்குள் டவர் எதையும் நான் பார்த்ததில்லையே, சிக்னல் எங்கிருந்து வருகிறது?" இரண்டாவது: "மஞ்சள் லைனில் லாஃபான்ட் பிளாசா நிலையத்தைத் தாண்டி, ரயில் வெளியே வந்து ஆற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில் பேச்சு ஒரு நொடி அறுந்துபோகிறது. அது ஏன் அந்த இடத்தில் மட்டும்?"

இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கான பதிலை அவர் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் போகிறார். சுரங்கச் சுவரில், மண்வெட்டிக் காம்பு தடிமனில், கருப்பாக ஒரு கேபிள் ரயிலோடு கூடவே ஓடிவரும். அதுதான் அங்கே டவர்.

வானொலி அலைகள் மண்ணுக்குள் புகாது என்பது பள்ளியிலேயே படித்ததுதான். சரி, சுரங்கத்தின் வாயில் ஒரு ஆன்டெனா வைத்து உள்ளே பாய்ச்சினால் என்ன? கொஞ்ச தூரம் போகும். சுரங்கமும் ஒரு குழாய்தானே. அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமான அலை குழாய்க்குள் நுழையாது. ஐந்து மீட்டர் அகலச் சுரங்கத்தில் பத்து மீட்டருக்கு மேற்பட்ட அலைகள் வாசலிலேயே நின்றுவிடும். போன் அலைகள் சில பத்து சென்டிமீட்டர் நீளம்தான் என்பதால் உள்ளே போய்விடும். ஆனால் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், வளைவு ஒன்று வந்தால் பாதி செத்துவிடும். அப்புறம், அந்தக் குழாய்க்குள் ரயில் என்று ஒன்று வருமே! அது பாட்டிலில் தக்கை மாதிரி. ரயில் இல்லாத நேரத்தில் பிரமாதமாக வேலை செய்யும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ரயில்வே என்ன செய்யும்?

அதனால் அலையை எறிவதை விட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது என்று முடிவானது. நிலக்கரிச் சுரங்கங்களில் ஆழத்தில் இருப்பவர்களோடு பேச வேண்டிய கட்டாயத்தில் பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் பல ஆண்டுகள் முயன்று வளர்த்த யோசனை இது.

வீட்டில் பழைய கேபிள் டிவி ஒயர் கிடந்தால் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள். நடுவில் செம்புக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளையாக நுரை. அதற்கு மேல் உறையாக உலோக வலை. கடைசியாகக் கருப்புத் தோல். அலை ஓடுவது நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையில் இருக்கும் அந்த நுரைக்குள்தான். நடுக்கம்பியில் ஒரு பக்கம் மின்னோட்டம் போனால், வலையில் அதே அளவு எதிர்ப்பக்கம் போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றை ஒன்று கழித்துவிட்டுப் பூஜ்யம். உள்ளே நூறு சேனல் ஓடினாலும் வெளியே ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்காது.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. இவ்வளவு வேகமாக அதிரும் மின்னோட்டம் உலோகம் முழுவதிலும் பரவி ஓடுவதில்லை, மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. போன்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்றான 700 மெகாஹெர்ட்ஸில் (நொடிக்கு 70 கோடி அதிர்வு) செம்புக்குள் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 400இல் ஒரு பங்கு. ஒரு தலைமுடியை நீளவாக்கில் முப்பதாகக் கிழித்தால் வரும் தடிமன்! ஆக, வெளி உறையின் உட்பக்கத்தில் மின்னோட்டம் ஓடுவது அதே உறையின் வெளிப்பக்கத்துக்குத் தெரியாது. ஒரே தகட்டின் இரண்டு முகங்கள் இரண்டு ஊர்கள் போல இருக்கின்றன.

இப்போது அந்த உறையில் ஒரு வெட்டுப் போடுங்கள். வெட்டு கேபிளின் நீளவாக்கில் இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மின்னோட்டமும் நீளவாக்கில்தான் போகிறது, வெட்டின் இரண்டு ஓரமாகவும் ஒதுங்கிப் போய்விடும். அதே வெட்டைக் குறுக்கே போட்டால் வழி மறிபடும். வந்த மின்னூட்டம் ஒரு கரையில் குவியும், மறு கரையில் குறையும். இரண்டு கரைக்கும் இடையில் மின்னழுத்தம் எழும். அது நொடிக்கு 70 கோடி தடவை அப்படியும் இப்படியும் ஆடும். அவ்வளவுதான், அந்த வெட்டு ஒரு குட்டி ஆன்டெனா ஆகிவிட்டது. உள்ளே ஊமையாக ஓடிக்கொண்டிருந்த அலை அதன் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும்.

நீளவாக்கில் கசிவு இல்லை, குறுக்கே நிறையக் கசிவு. அப்படியென்றால் சாய்வாக வெட்டினால்? இடைப்பட்ட அளவு கசியும். எவ்வளவு கசிய வேண்டும் என்பதை வெட்டின் சாய்வை வைத்தே முடிவு செய்யலாம். கோணத்தைத் திருப்பினால் குழாயைத் திறந்து மூடுவது போல. இதைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குப் பொறாமை.

இதோடு முடியவில்லை. கேபிளில் அலை போகப் போக மெலியும். சில நூறு மீட்டருக்குள் பத்தில் ஒரு பங்காகிவிடும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டினால் தலைப்பக்கம் வெள்ளம், வால்பக்கம் வறட்சி. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற பிரச்சினை நமக்குத் தெரியாததா? வாய்க்காலில் முறை வைத்துத் திறப்பதைப் போல இங்கேயும் செய்கிறார்கள். தலைப்பக்கத்தில் வெட்டுகள் சிக்கனமாக இருக்கும், போகப் போகத் தாராளமாகும். மெலிந்த அலையிலிருந்து அதிகப் பங்கு, வலுவான அலையிலிருந்து குறைந்த பங்கு. ரயிலில் இருப்பவருக்கு எங்கே இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு. அதற்கு மேலும் மெலிந்தால் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்து மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

கசிவு என்றதும் ஏராளமாகக் கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். கேபிளுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது, உள்ளே ஓடுவதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு கோடியில் ஒரு பங்கு வரைதான். போன் அதற்கே மகிழ்ந்துபோகும். ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரே ஒரு பங்கு கிடைத்தாலும் பேச்சைப் பிடித்துக்கொள்ளும் காது அது. கேபிள் எப்படிப் பேசுகிறதோ அப்படியே கேட்கவும் செய்யும். போனிலிருந்து கிளம்பும் அலை அதே வெட்டு வழியாக உள்ளே நுழைந்து திரும்பிப் போகும். வெட்டுக்கு வழி ஒன்றுதான், போக்குவரத்து இரண்டு பக்கமும்.

கதிர்வீச்சு கசிகிறதே, உடம்புக்கு ஆகுமா என்று அடுத்த கடிதம் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கேபிள் பக்கத்தில் இருந்தால் உங்கள் போன் மெதுவாகப் பேசினாலே போதும், தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத இடத்தில்தான் அது தொண்டை கிழியக் கத்துகிறது. போனின் முதுகில் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போன் இன்னும் சத்தமாகக் கத்தும். தடுக்கவில்லை என்றால் கொடுத்த காசு போச்சு.

ஒரே கேபிளில் போன் கம்பெனிகளின் அலைகளோடு போலீஸ், தீயணைப்புத் துறை, ரயில் ஊழியர்கள் ஆகியோரின் ரேடியோவும் போகலாம். அலைநீளம் வேறு வேறு என்பதால் ஒன்றோடு ஒன்று மோதாது. ஆனால் ஒரு நிபந்தனை. வெட்டுகளுக்கு இடைப்பட்ட தூரம் ஏதாவது ஒரு அலையின் பாதி நீளத்துக்குச் சமமாக அமைந்துவிட்டால், ஒவ்வொரு வெட்டிலும் பட்டுத் திரும்பும் சிறு எதிரொலிகள் கைகோத்து அந்த அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். அந்த அலைவரிசைக்கு மட்டும் கேபிள் அடைப்பு. ஆகவே இன்று வெட்டும்போதே, பதினைந்து வருடம் கழித்து எந்த அலைவரிசை வரும் என்று ஊகித்து வெட்ட வேண்டும். ஊகம் தப்பினால் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டியதுதான்.

மாட்டுவதில்தான் பணம் கரைகிறது. ஓட்டை போட்ட கேபிளுக்கு ஓட்டை இல்லாத கேபிளைவிட விலை அதிகம் என்பது ஒரு பக்கம். பெரிய செலவு நேரம். வாஷிங்டன் மெட்ரோவில் திசைக்கு ஒரு தண்டவாளம்தான். பக்கத்தில் மாற்றுப் பாதை கிடையாது. கடைசி ரயில் போன பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களை இறக்கி, முதல் ரயிலுக்கு முன்னால் வெளியேற்ற வேண்டும். கையில் மிஞ்சுவது சில மணி நேரம். தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்காத தோல் வேண்டும். பிளாஸ்டிக் பிடிகள் உருகினாலும் கேபிள் தண்டவாளத்தில் தொங்கிவிடாதபடி இடையிடையே உலோகப் பிடி வேண்டும்.

இந்தச் செலவை யார் ஏற்பது? வாஷிங்டன் சொல்லும் பதில் கொஞ்சம் கோணலானது. 1993இல் ஒரு போன் கம்பெனி தன் செலவில் சுரங்கத்துக்குள் வசதி செய்துகொண்டது. பதினாறு ஆண்டுகள் அந்த ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் ரயிலில் பேசினார்கள், பக்கத்து இருக்கைக்காரர் சிக்னல் கட்டம் இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2008 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. மெட்ரோவுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 15 கோடி டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்கு 150 கோடி தரும். வாஷிங்டன், மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றும் சேர்ந்து அதே அளவு போட வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: எல்லாக் கம்பெனி போனும் வேலை செய்ய வேண்டும், நெரிசலான 20 நிலையங்களில் ஓராண்டுக்குள், சுரங்கம் முழுவதும் நான்கு ஆண்டுகளுக்குள். இந்தச் சட்டத்தை நிறைவேற்ற அமெரிக்க நாடாளுமன்றத்தை உசுப்பிவிட்டது, அதற்கு ஒரு மாதம் முன்பு லாஸ் ஏஞ்சலிஸ் அருகே 25 பேரைக் கொன்ற ரயில் மோதல். அந்த மோதலுக்குக் காரணம், ஓட்டுநர் போனில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டு சிக்னலைத் தவறவிட்டது. விதியின் நக்கலைப் பாருங்கள்!

20 நிலையங்கள் சொன்ன கெடுவில் முடிந்தன. சுரங்கம் முடியவில்லை. வேலை எடுத்த நிறுவனம் 2013இல் திவாலானது. 2012 என்ற கெடு பல ஆண்டுகள் பின்னால் போனது.

2015 ஜனவரி 12, பிற்பகல். லாஃபான்ட் பிளாசாவிலிருந்து தெற்கே கிளம்பிய மஞ்சள் லைன் ரயில் சற்று தூரத்திலேயே சுரங்கத்தில் நின்றது. முன்னால், மின் தண்டவாளத்துக்குப் போகும் கேபிள்களின் இணைப்பில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து, மின்சாரம் கசிந்து, பொறி பறந்து புகை கிளம்பியிருந்தது. ரயிலில் சுமார் 380 பேர். ஒரு பெண் இறந்தார். எண்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். உள்ளே இறங்கிய தீயணைப்பு வீரர்களின் ரேடியோ சுரங்கத்தில் சரியாக எடுக்கவில்லை. சொந்த போனையும், ஆளுக்கு ஆள் சேதி கடத்துவதையும் நம்பி வேலை செய்தார்கள். நான்கு நாளைக்கு முன்பே அந்த நிலையத்தில் ரேடியோ கோளாறைக் கண்டு மெட்ரோவிடம் சொன்னோம் என்றது தீயணைப்புத் துறை. உங்கள் ரேடியோவில் நீங்கள் செய்த மாற்றத்தை எங்களுக்குச் சொல்லவில்லை என்றது மெட்ரோ.

இது வாஷிங்டனின் தனி நோய் அல்ல. லண்டனில் 1987இல் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீயில் 31 பேர் இறந்தபோது, தரைக்கு அடியில் போலீசும் தீயணைப்புப் படையும் பேசிக்கொள்ள ரேடியோ வேண்டும் என்று விசாரணை அறிக்கை கேட்டது. 18 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பின்போதும் மீட்புப் படையினர் சேதி சொல்ல ஆளை மேலே ஓடவிட்டார்கள்.

என் கட்சியை மறைக்க விரும்பவில்லை. போன் சிக்னலுக்குச் சந்தை உண்டு. பயணிகள் கேட்பார்கள், கம்பெனிகள் பணத்தோடு வரும், ரிப்பன் வெட்ட ஆள் வரும். தீயணைப்பு ரேடியோவுக்கு வாடிக்கையாளர் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. கெட்ட நாள் வராத வரை அது வெறும் செலவுக் கணக்கு. வாஷிங்டன் மெட்ரோ தன் பழைய 490 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை 700க்கு மாற்றும் வேலையையும் போன் கேபிள் வேலையையும் சேர்த்து ஓட்டியது. புத்திசாலித்தனம்தான், ஒரே இரவில் ஒரே ஏணியில் இரண்டு வேலை. ஆனால் உயிர் காக்கும் ரேடியோ, பொழுதுபோக்கு சிக்னலின் முதுகில் தொற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் போக வேண்டியிருப்பது எனக்கு உறுத்துகிறது. நிலையான வருமானமே இல்லாமல் இருந்த அந்த மெட்ரோவுக்கு, மூன்று அரசுகளும் சேர்ந்து மூலதனச் செலவுக்கு ஆண்டுதோறும் 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது 2018இல்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. ரயில் அந்தச் சுரங்கத்தை விட்டு வெளியே வருகிற இடத்தில் வெளியுலக டவர்கள் திடீரென்று முழு வலுவோடு வந்து நிற்கும், கேபிளின் கசிவு சட்டென்று முடியும். போன் புதிய டவரை அளந்து, அனுமதி கேட்டு, மாற வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் நொடிக்குப் பதினேழு மீட்டர் போய்விடும். அதனால் கேபிளின் வால்நுனியில் ஒரு ஆன்டெனாவை மாட்டி, சுரங்கத்தின் சிக்னலையே கொஞ்ச தூரம் வெளியே நீட்டிவிடுவது வழக்கம். இரண்டும் சில நொடிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மாற்றம் தெரியாது. அந்த மேற்படிவு போதாத இடத்தில் 'ஹலோ, கேக்குதா?' என்பீர்கள். நண்பரே, அடுத்த முறை அங்கே பேச்சு அறுந்தால் வலப்பக்கமோ இடப்பக்கமோ பாருங்கள், வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்னால் அந்தக் கருப்புக் கேபிள் முடிகிற இடம் தெரிந்தாலும் தெரியும்.