தண்ணீரில் நனைந்த புதுப் போனும் மறுக்கப்படும் வாரண்டியும்

பெரும் விளம்பரத்தோடு ஒரு ஸ்மார்ட்போன் வெளிவந்தால், அடுத்த சில வாரங்களில் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் கோபங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கின்றன. அண்மையில் வந்தவர் முன்பதிவு செய்து, அறிமுகமான அன்றே போனை வாங்கியவர். நீச்சல் குளத்துக்குள் படம் எடுத்த பிறகு சார்ஜ் ஏறவில்லை என்றார். சிம் தட்டை வெளியே எடுத்துப் பார்த்தால், ஈரம் பட்டால் நிறம் மாறும்படி உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தது. திரவத்தால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்றதும், "விளம்பரத்திலேயே தண்ணீருக்குள் வைத்துத்தானே காட்டினார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் வாரண்டி விதியை மாற்றும் அதிகாரம் பழுதுபார்ப்பவருக்கு இல்லை. வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தூசியையும் நீரையும் எந்த அளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஐபி68 என்ற குறியீட்டைப் பார்த்ததும் இனி தண்ணீரால் பயமில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதில் உள்ள 6 தூசியைக் குறிக்கிறது. 8 மூழ்குவதைக் குறிக்கிறது. எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிடம் என்பதை அந்தந்தத் தயாரிப்பாளரே அறிவிக்கிறார் என்பதால், ஒரே 68 என்ற எண்ணைக் கொண்ட இரண்டு போன்கள் ஒரே அளவு தாங்கும் என்று கொள்ள முடியாது. சோதனை நடப்பது புத்தம் புதிய போனில், அசைவற்ற நன்னீரில். குளோரின் கலந்த குளத்து நீர், கடல் நீர், சோப்பு நீர், வெந்நீர்க் குளியலறையின் ஆவி ஆகிய எதற்கும் அந்த எண் உறுதி தருவதில்லை. குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் நீருக்கு, அந்த 8 இருக்கும் இரண்டாம் இடத்தில் வரும் 5, 6 எனத் தனி எண்கள் உண்டு. 8 இருப்பதனாலேயே அவையும் இருப்பதாக ஆகிவிடாது. மேலும், நீரைத் தடுத்து நிறுத்துவது மெல்லிய பசைப் பட்டையும் ரப்பர் வளையங்களும்தான். ஒருமுறை கீழே விழுந்து போனின் விளிம்புச் சட்டம் இம்மியளவு வளைந்தாலும், வெப்பத்தில் பசை இளகினாலும், டிஸ்பிளே மாற்றும்போது புதிய பசை சரியாக அமையாவிட்டாலும் அந்தக் காப்பு போய்விடும். போய்விட்டதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இது பழுதுபார்ப்பவர் சொல்லும் சாக்கு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்று எண்ண வைத்த கேலக்ஸி விளம்பரங்களுக்காக, சாம்சங்கின் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நனைந்த நிலையில் சார்ஜ் செய்தால் சார்ஜிங் துளை அரித்துப்போகக்கூடும் என்பதே அங்கு எழுந்த சிக்கல். தண்ணீரைத் தாங்கும் என்று விளம்பரம் செய்துவிட்டு, திரவச் சேதத்துக்கு வாரண்டி மறுத்ததற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

எல்லாக் குறைகளும் பயன்படுத்துபவரால் வருவதில்லை. 2016 ஆகஸ்டில் வெளிவந்த கேலக்ஸி நோட் 7 பேட்டரி தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டது. மாற்றித் தந்த போன்களும் தீப்பிடிக்கவே அக்டோபரில் உற்பத்தியே நின்றது. 2023இல் ஐபோன் 15 ப்ரோ சூடாகிறது என்ற புகாருக்கு, மென்பொருள் பிழையும் ஒரு காரணம் என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, சில வாரங்களில் அப்டேட் வெளியிட்டது. முதல் நாளே வாங்குபவர்கள்தான் இத்தகைய குறைகளை முதலில் அனுபவிக்கிறார்கள். 200 மெகாபிக்சல் கேமரா ஏமாற்றுகிறது என்ற புகாரும் அடிக்கடி வருகிறது. அது பழுதே அல்ல. வழக்கமான அமைப்பில் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் அது தருகிறது. இந்த விவரம் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

ஆகவே, தயவுசெய்து ஒரு மாதமாவது பொறுங்கள். வெளியீட்டு நாள் விமர்சனங்கள் சில நாள் பயன்பாட்டை வைத்து எழுதப்படுபவை. சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் சில வாரங்கள் கழித்து எழுதுவதைப் படியுங்கள். விளம்பரத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், கீழே உள்ள பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு முடிவெடுங்கள். திருப்பித் தரும் காலக்கெடு எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். அந்தக் காலம் முடியும்வரை பெட்டியையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள். முதல் சில நாட்கள் பழைய தரவுகள் இறங்கிக்கொண்டிருப்பதால் சற்றுச் சூடும் சார்ஜ் குறைவும் இயல்பு. ஒரு வாரம் கடந்தும் குறையாவிட்டால், "பழகினால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். வீடியோ எடுத்து, எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் அந்த நிமிடமே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

நனைந்துவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். குளத்து நீரோ கடல் நீரோ பட்டிருந்தால் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதைப் பாருங்கள். சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி வைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர விடுங்கள். ஈரம் இருப்பதாக எச்சரிக்கை வந்த பிறகும் வேறு சார்ஜரைச் செருகிப் பார்க்கிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய போனில் மதர்போர்டு போவது பெரும்பாலும் அப்போதுதான். பழுதுக்குக் கொடுக்கும்போது, நனைந்த விஷயத்தைத் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு திறந்தால், அரிப்பு பரவும் முன் சுத்தம் செய்து படங்களையாவது மீட்டுத் தர வாய்ப்பு உண்டு.