பரிசல் சுழற்சியும் விண்கலத்தின் எடையும்

ஒகேனக்கலில் நீரோட்டம் தணிந்த இடத்தில் பரிசல்காரர் துடுப்பைப் போட்டுப் பரிசலைச் சுழற்றும்போது, யாரோ தள்ளுவதைப் போல நம் முதுகு விளிம்போடு அழுந்துகிறது. உண்மையில் தள்ளுபவர் எவருமில்லை. நேர்கோட்டில் போக முயலும் உடலை விளிம்புதான் ஓயாமல் உள்நோக்கித் திருப்பிக்கொண்டிருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968-இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் விண்கலத்துக்குள் மனிதர்கள் நடமாடுவதும் இந்த விதியால்தான், அங்கே விளிம்பே தரை என்பதால், முதுகுக்குப் பதில் பாதங்கள் அழுந்துகின்றன.

இக்காட்சிக்காக ஏறத்தாழ 12 மீட்டர் விட்டமுள்ள சக்கர அரங்கொன்றை உண்மையாகவே கட்டிச் சுழற்றினார்கள். அரங்கு ராட்டினம்போல் சுற்ற, நடிகர் அதன் அடிப்பகுதியை விட்டு அகலாமல் ஓடினார். அவரைத் தரையில் நிறுத்தியது பூமியின் ஈர்ப்பே. கண்ணுக்கு இது குறையற்ற காட்சிதான், ஆனால் கணக்குக்கு அந்தச் சக்கரம் மிகச் சிறியது. 6 மீட்டர் ஆரத்தில் நிலவின் ஈர்ப்பளவு எடை கிடைக்கவே நிமிடத்துக்குச் சுமார் 5 சுற்றுகள் வேண்டும். மேலும், எடை ஆரத்தைப் பொறுத்தது என்பதால், மையத்துக்கு அருகிலிருக்கும் தலை, பாதத்தைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவான ஈர்ப்பையே உணரும். சட்டென்று தலையைத் திருப்பினால் கிறுகிறுத்துவிடும். ஆரம் 150 மீட்டராக இருந்தால், அதே எடைக்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று போதும்.

காற்றில்லாத வெளியில் ஒலி பரவாது என்பதைப் படம் பிடிவாதமாகக் கடைப்பிடித்திருப்பது, இன்றைய படங்களிலும் அரிதாகவே காணப்படும் நேர்மை. ஆயினும், தலைக்கவசமின்றி வெற்றிடத்தில் பாயும் வீரர் மூச்சை அடக்கிக்கொள்வது பிழை. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும் என்பதால், அவர் மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும்.

சக்கர அரங்கில் கைகொடுத்த பூமியின் ஈர்ப்பு, நிலவுக் காட்சிகளில் காட்டிக்கொடுத்துவிட்டது: அங்கும் எல்லோரும் நம் ஊர்த் தெருவில் போவதைப் போலவே நடக்கிறார்கள். அரங்கின் காற்றும் அப்படியே. கலம் இறங்குகையில் எழும் புழுதி, லாரி போன பின் அரூர்ப் பக்கத்து மண்சாலையில் நிற்பதைப் போலச் சுருண்டு மிதக்கிறது. தாங்கிப் பிடிக்கக் காற்று இருந்தால்தானே அது மிதக்கும்? 1972-இல் அப்போலோ 16 வீரர்கள் நிலவில் ஊர்தி ஓட்டியபோது எடுத்த படத்தில், சக்கரம் கிளப்பிய தூசி வில்லாக வளைந்து எழுந்து, சிறிதும் தயங்காமல் தரையில் விழுந்துவிடுகிறது.