தாளம் எழுதாத சீன இசைக்குறிப்பு

சீன அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்த குச்சின், சுமார் நாலடி நீளமும் ஏழு தந்திகளும் கொண்ட வாத்தியம். வீணையில் தந்திக்குக் கீழே வரிசையாகப் பதித்திருக்கும் மெட்டுகள் இதற்குக் கிடையாது. இடது கை விரல் தந்தியைப் பலகையோடு அழுத்தி எங்கு வேண்டுமானாலும் வழுக்கிப் போகலாம். வழிகாட்ட ஓரத்தில் பதித்த 13 புள்ளிகள் மட்டும் உண்டு. ஏழாவது புள்ளி தந்தியின் சரிபாதியில் இருக்கிறது; நான்காவதும் பத்தாவதும் கால், முக்கால் தூரத்தில். அந்த இடங்களில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் தந்தி சமபாகங்களாகப் பிரிந்து அதிரும், தெளிந்த மேற்சுரம் ஒன்று கிளம்பும்.

இந்த இசையை எழுதிவைப்பது சுலபமில்லை. ஒரே சுரத்தைத் திறந்த தந்தியிலும் எடுக்கலாம், வேறொரு தந்தியை அழுத்தியும் எடுக்கலாம், மேற்சுரமாகவும் எடுக்கலாம். மூன்றின் நாதமும் வேறு வேறு. அதனால் சீனர்கள் சுரத்தை விட்டுவிட்டு விரல்களின் வேலையை எழுதினார்கள். முதலில் முழு வாக்கியங்களாகவே எழுதினார்கள். அப்படிப்பட்ட தாங் அரச வம்சக் காலத்துப் பிரதி ஒன்று இன்றும் டோக்கியோவில் இருக்கிறது. பிறகு வந்தது சுருக்கெழுத்து முறை.

அதில் ஒரு குறியை எடுத்துக்கொள்வோம். மேலே இடப்பக்கம் இருக்கும் எழுத்து இடது கட்டைவிரலைச் சொல்கிறது, பக்கத்தில் உள்ள எண் ஒன்பதாம் புள்ளியை. கீழே ஒரு வளைவு: வலது நடுவிரலால் உள்நோக்கி இழு என்று பொருள். வளைவுக்குள் மூன்று என்ற எண் இருந்தால் மூன்றாம் தந்தி. இத்தனையும் ஒரே கட்டத்துக்குள்!

ஆனால் எவ்வளவு நேரம் என்பது மட்டும் அதில் இல்லை. மீட்டிய பிறகு விரல் மேல்நோக்கி வழுக்கும்போது ஒலி தேய்ந்துபோய், பட்டுத் தந்தியில் விரல் உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும் தருணங்கள் உண்டு. அங்கே எவ்வளவு காத்திருப்பது? குருவும் சீடரும் எதிரெதிரே உட்கார்ந்து சேர்ந்து வாசித்துத்தான் அது கைமாறியது.

சரி, அந்தக் குரு வரிசை அறுந்துபோனால்? 1425இல் மிங் அரச வம்சத்து இளவரசர் ஜூ சுவான் வெளியிட்ட தொகுப்பில் 'குவாங்லிங் சான்' என்ற நீண்ட படைப்பு இருக்கிறது. வாசிக்க ஆளில்லாமல் கிடந்த அதைக் கடந்த நூற்றாண்டில் குச்சின் கலைஞர் குவான் பிங்ஹு மீட்டெடுத்தார். இந்த வேலையில் விரல்களே துப்பு கொடுக்கும். பல தந்திகளை ஒரே வீச்சில் உருட்டச் சொன்னால் அந்த இடம் வேகமாகத்தான் போக வேண்டும். நீண்ட வழுக்கல் என்றால் அதற்கு இடம்விட்டே ஆக வேண்டும். சில விரல் கோவைகளுக்கு மரபில் நிலைத்த தாளநடையும் உண்டு. மிச்சத்தை வாசிப்பவரின் காது தீர்மானிக்கிறது. 'சின்னப் பாட்டுக்கு மூன்று மாதம், பெரிய பாட்டுக்கு மூன்று வருடம்' என்பது குச்சின் கலைஞர்களிடையே வழங்கும் சொலவடை. ஆளுக்கு ஆள் முடிவு வேறாகத்தான் வரும்.

1956இல் குச்சின் கலைஞர் ஜா ஃபூஷியும் இன்னும் இருவரும் ஊர் ஊராகப் போய்க் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவுசெய்தார்கள். குவான் வாசித்த 'ஓடும் நீர்' 1977இல் பூமியின் ஒலிகளைத் தாங்கிய இசைத்தட்டில் வாயேஜர் விண்கலத்தில் ஏறியது. இன்றைய பாடப்புத்தகங்களில் மேலே மேற்கத்திய சுரக்குறிப்பு, கீழே பழைய விரற்குறி. தாளம் பெரும்பாலும் யாரோ ஒரு மேதையின் பதிவிலிருந்து எடுத்தது. ஆரம்ப மாணவருக்கு இது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் மேல்வரியை மட்டுமே படித்துப் பழகுகிறவருக்கு அந்த மேதையின் தாளம்தான் கிடைக்கும்; அதை அவர் எந்தத் துப்புகளிலிருந்து கண்டுபிடித்தார் என்பது கீழ்வரியில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.