சம்மன் வந்த அன்றே வாருங்கள்

மறுபடியும் ஒரு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒரு தரப்பு கோர்ட்டுக்கு வராததால் அவர் இல்லாமலேயே சொல்லப்பட்ட தீர்ப்பு. கணவர் போட்ட விவாகரத்து மனு. சம்மனை அந்தப் பெண்ணே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஒரு வாய்தாவுக்கும் போகவில்லை. தீர்ப்பாகி மாதக்கணக்கில் ஆன பிறகு அதன் நகலோடு எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் சட்ட உதவிக் குழுவைத் தேடி வந்தார். ஏன் ஆஜராகவில்லை என்று கேட்டால், “வக்கீல் வைக்கக் காசு இல்ல மேடம்” என்கிறார். இலவச சட்ட உதவி இருப்பது தெரியாதா என்றால், தெரியுமாம். “நான் தனியார் பள்ளியில டீச்சர். சம்பளம் வாங்குறவங்களுக்கு அது கிடைக்காதுன்னு சொன்னாங்க.”

யார் சொன்னார்கள்? பக்கத்து வீட்டில், பஸ்ஸில், சில சமயம் கோர்ட் வாசலிலேயே யாரோ சொல்கிறார்கள். அதை நம்பி வழக்கையே கைவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 12-ஆவது பிரிவு யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி உண்டு என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் பெண்கள் தனி வகை. அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. சம்பளம் வாங்கலாம், சொந்த வீடு இருக்கலாம், கணவர் வசதியானவராக இருக்கலாம். பெண் என்றால் தகுதி உண்டு, அவ்வளவுதான். குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அப்படியே. இந்த வகைகள் எதிலும் வராதவரிடம் மட்டும்தான் வருமானம் கேட்கப்படும். அதற்கும் தாலுகா ஆபீஸில் சான்றிதழுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. வருமானம் இவ்வளவு என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதுமென்று ஏற்க 13-ஆவது பிரிவு வழி செய்கிறது. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பள ரசீதைப் பார்த்துப் பெண்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், தட்டச்சுச் செலவு, தீர்ப்பு நகல் செலவு வரை இதில் அடங்கும்.

எங்கள் குழுவால் வக்கீலை நியமிக்க முடியாது. அது வட்ட சட்டப் பணிகள் குழுவின் வேலை, மாவட்ட அளவில் ஆணைக்குழுவின் வேலை. நாங்கள் மனு எழுதிக் கொடுப்போம், அந்த அலுவலகம் வரை கூட வருவோம், நியமிக்கப்பட்ட வக்கீல் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் பின்தொடர்ந்து கேட்போம், கிளைச் சிறைக்குப் போய் ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவர்களின் பெயரை எடுத்து வருவோம். எந்தச் சங்கமும் இதைச் செய்யலாம். சக வழக்கறிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடுவது சட்டவிரோதம். கோயம்புத்தூரில் போலீசாருக்கு எதிராகப் போடப்பட்ட அப்படிப்பட்ட தீர்மானம் பற்றிய வழக்கிலேயே 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆள் பார்த்துக் கதவடைத்தால் சட்ட உதவிக் குழு வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

இலவச வக்கீல் எதிர்த்தரப்போடு சேர்ந்துகொள்வார் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. அவர் சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி மனு கொடுங்கள். பணம் கேட்டால் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். அவர் ஒரு நீதிபதி. யாருக்காக ஆஜராகிறாரோ அவரிடம் பணம் கேட்க அந்த வக்கீலுக்கு அனுமதி கிடையாது.

சம்மனை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் கொடுக்கப்பட்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வக்கீல் இல்லாவிட்டாலும் முதல் வாய்தாவுக்கு நீங்களே போய் நில்லுங்கள். பெயர் கூப்பிட்டதும், “வக்கீல் வைக்க வசதியில்லை, சட்ட உதவி வேண்டும்” என்று நீதிபதியிடம் நேரடியாகச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உரிமை. வாசலில் நின்று “நான் முடிச்சுத் தர்றேன்” என்பவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள்.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? தீர்ப்பை ரத்துசெய்ய மனுப் போடப் பொதுவாக 30 நாள்தான். சம்மன் முறையாக வந்துசேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனுப் போட்டு, ஏன் இத்தனை நாள் என்பதற்கு நம்பும்படியான காரணம் சொல்ல வேண்டும். “காசு இல்லை” என்பதை மட்டும் சொல்லி நீதிபதியைத் திருப்திப்படுத்துவது கடினம். அந்த டீச்சரின் மனு இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. உடல்நலம் சரியில்லாமல் இருந்திருந்தால் மருத்துவச் சீட்டு, வீடு மாறியிருந்தால் அதற்கான ஆதாரம், சம்மன், தீர்ப்பு நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள். அது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். கிளம்ப முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.