கோஷம்: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் தேர் நகரும்போது வடத்தைப் பிடித்திருக்கிறவர்களில் ஒருவர் 'கோவிந்தா!' என்று குரல் கொடுப்பார். வீதி முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். மறுநாள் செய்தியில் 'பக்தர்கள் கோஷம் எழுப்பினர்' என்று இருக்கும்.

கோஷம் வடசொல். உரக்க ஒலித்தல், அறிவித்தல் என்று பொருள்படும் 'குஷ்' என்ற வேரிலிருந்து வந்தது. பௌத்த உரையாசிரியர் புத்தகோஷர் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். சிலர் கிரந்த எழுத்தைத் தவிர்க்க 'கோசம்' என்று எழுதுகிறார்கள். அது சரிவராது. கோசம் என்றால் உறை. உடலை ஓர் உறையாகக் கருதி அன்னமய கோசம் என்கிறோமே, அது.

அதே திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேராகக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் கொண்டுபோய் விடுவார். இந்தக் கோஷாவுக்கும் அந்தக் கோஷத்துக்கும் உறவே இல்லை. பாரசீகத்தில் 'கோஷா' என்றால் மூலை. பிற ஆடவர் கண்ணில் படாமல் பெண்கள் ஒதுங்கி இருப்பதை அந்தச் சொல்லால் குறித்தார்கள். அப்படி இருந்த பெண்களும் வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளவே 1885இல் இந்த மருத்துவமனை தொடங்கியது. ஒன்று தெருவே அதிரும் சத்தம், மற்றது அரவமில்லாத மூலை. காதுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன.

சரி, கோஷத்துக்குத் தமிழில் என்ன? முழக்கம். இடியும் முரசும் முழங்கும். பலர் ஒரே சொல்லை ஒரே மூச்சில் சொன்னாலும் அது முழக்கம்தான். 'கோஷமிட்டனர்' என்ற இடத்தில் 'முழக்கமிட்டனர்' தடையில்லாமல் பொருந்தும். கூச்சல் என்று மாற்றிவிடக் கூடாது, அதில் ஒழுங்கு இல்லை. கூக்குரல், ஓலம் என்றால் அங்கே யாரோ துன்பத்தில் இருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது ஆர்ப்பு. ஆர்த்தல் என்றால் பேரொலி செய்தல். கடலுக்கு 'ஆர்கலி' என்றே ஒரு பெயர் உண்டு. பழைய நீதிநூலான முதுமொழிக்காஞ்சி 'ஆர்கலி உலகத்து' என்றுதான் தொடங்குகிறது. மெரினாவில் இருட்டின பிறகு அலை கண்ணுக்குத் தெரியாமல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். ஆர்ப்பாட்டம் என்ற சொல்லுக்குள் இருப்பதும் அந்த ஆர்ப்புதான். 'வள்ளுவர் கோட்டம் பக்கம் ஆர்ப்பாட்டத்தில் கோஷமிட்டார்கள்' என்று எழுதும்போது, வேண்டிய தமிழ்ச் சொல் அதே வாக்கியத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.